அரை உக்கலில் எரிகட்டி செய்வது: மரத்தூள், சருகு, உமி, கடதாசி

ஆரையம்பதி தச்சன்:

எங்கள் தச்சுப் பட்டறையில் கிழமைக்குக் கிழமை மரத்தூளும் சீவலும் சாக்குச் சாக்காகச் சேரும். வளவுக்குள் பலா, மா, வேம்புச் சருகு. பிள்ளைகள் எழுதி முடித்த கொப்பிகளும் சாமான் வந்த காட்போட் பெட்டிகளும் வேறு. இவற்றைக் கலந்து அடித்த எரிகட்டியில்தான் எங்கள் வீட்டில் தினமும் ஒரு நேரச் சமையல் நடக்கிறது. கடைகளில் பிரிக்கெட் என்று விற்பதன் கைவேலை வடிவம் இது.

2022இல் ஊரில் பலர் இதைத் தொடங்கினார்கள். அந்த ஏப்ரலில் இலங்கையில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறியது. காசு வைத்திருந்தவருக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. காஸ் திரும்ப வந்ததும் பெரும்பாலானோர் விட்டுவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் உதிர்ந்து போனது, புகை தாங்க முடியவில்லை, மாரியில் பூஞ்சணம் பிடித்தது என்கிறார்கள். மூன்றுக்கும் வழி இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்த உரையாடல் இழை.

முதலில் உக்க வைப்பது. காய்ந்த சருகை அப்படியே இடித்து அமுக்கினால் ஒட்டாது, கையை எடுத்ததும் விரிந்துவிடும். இலையின் மெழுகும் மென்சதையும் கழன்றால்தான் நார் வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அந்த வேலையை நுண்ணுயிர்கள் செய்து தரும். சருகை நனைத்து, மாட்டுச்சாணிக் கரைசல் தெளித்து, பழைய சாக்கால் மூடிவிட்டால் குவியல் தானாகவே சூடாகும். நன்றாக அமைந்தால் உள்ளே 55, 60 பாகை வரை போகும். அந்தச் சூடு தணியத் தொடங்கும்போது எடுத்துவிட வேண்டும். சருகுக்கு இரண்டு முதல் நான்கு கிழமை பிடிக்கும். தடித்த இலை என்றால் இன்னும் கொஞ்சம்.

கூட்டெருவாகும் வரை விட்டுவிடாதீர்கள். முழுதாக உக்கினால் எரிய வேண்டிய கரியத்தில் (காபனில்) பெரும்பங்கு காற்றோடு போய்விடும். மிஞ்சுவது தோட்டத்துக்கு நல்லது, அடுப்புக்கு உதவாது. பதம் பார்க்க ஒரு பிடியை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே தேயுங்கள். இலையின் உருவம் இன்னும் தெரிய வேண்டும், ஆனால் தேய்த்தவுடன் நார்நாராகப் பிரிய வேண்டும். பச்சை மணமும் அழுகல் நாற்றமும் இருக்கக்கூடாது.

அப்புறம் உரலில் இடிப்பது, தண்ணீரில் ஊறிய கடதாசிக் கூழுடன் கலப்பது. மரத்தூள் தனியாக ஒட்டவே ஒட்டாது. மொத்தக் கலவையில் பாதிக்கு மேல் மரத்தூள் போட வேண்டாம். மற்றப் பாதி உக்கிய சருகும் கடதாசிக் கூழும். கலவையை ஒரு பிடி அமுக்கி, மேல்பாதியை மட்டும் விரல்களால் பிடித்து ஆட்டுங்கள். கீழ்ப்பாதி விழாமல் நின்றால் சரி. விழுந்தால் கூழ் போதாது, அல்லது சருகு இன்னும் உக்க வேண்டும்.

அச்சுக்கு நான்கு அங்குல எஸ்லோன் (பி.வி.சி.) பைப் துண்டு போதும், பக்கங்களில் தண்ணீர் வடிய ஓட்டைகள் போட்டு. நடுவில் ஒரு அங்குலக் குழாய் நிற்க வேண்டும். கட்டியின் நடுவே அது விடும் துளை வழியாகக் காற்று ஏறும். தீ உள்பக்கத்திலிருந்தும் பிடிக்கும், புகை குறையும். காய்வதும் சுருக்காக நடக்கும். அழுத்த ஒரு நீளமான மரத்தடி நெம்புகோல் போதும். ஜாக்கி வைத்திருப்பவர்கள் அதைப் பாவிக்கலாம்.

சம்மாந்துறை மில் பக்கம்:

அஸ்ஸலாமு அலைக்கும் நானா. எங்கள் பக்கம் சருகு குறைவு, உமிதான் மலைமலையாகக் கிடக்கிறது. பெரும்போகம் அறுத்து முடிந்தால் மில்லுக்குப் பின்னால் நடக்க இடமிருக்காது, கேட்டால் சும்மாவே அள்ளித் தருவார்கள். ஒரு மாதத்துக்கு மேல் நனைத்து மூடி வைத்தும் உமி உமியாகவே இருக்கிறது. நீங்கள் சொல்லும் பதம் வரவே இல்லை. உமியில் கட்டி அடிக்க முடியாதா?

ஆரையம்பதி தச்சன்:

வஅலைக்குமுஸ்ஸலாம் தம்பி. உமி அப்படித்தான், அதன் தோலில் சிலிக்கா நிறைய. அதனால் நுண்ணுயிர்கள் அதை இலேசில் தொடமாட்டா. எரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் நிற்பதும் அதே சிலிக்காவால்தான். தொழிற்சாலைகளில் உமியை ஒட்டுப்பொருள் எதுவுமில்லாமல் கட்டியாக்குகிறார்கள். அங்கே திருகு இயந்திரம் பெரிய அழுத்தமும் நூறு பாகைக்கு நன்றாக மேலான சூடும் கொடுக்கிறது. அந்தச் சூட்டில் உமிக்குள் இருக்கும் லிக்னின் இளகிப் பசையாகிறது. கை நெம்புகோலில் அது நடக்காது.

நம் கைவேலையில் உமியை ஒட்டும் பொருளாக எண்ண வேண்டாம், நிரப்பும் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். கலவையில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிறுத்தி, மற்றதை நார் உள்ள சாமானாகப் போடுங்கள். உமியைக் கொஞ்சம் இடித்துச் சிறிதாக்கினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். உங்கள் பக்கம் வைக்கோலுக்குக் குறைவில்லையே, அதை உக்க வைத்துப் பாருங்கள்.

வாழைச்சேனை:

வைக்கோல் என்றதும் எழுத வந்தேன். எங்கள் ஊர்க் காகித ஆலை 1950களில் தொடங்கியது, வைக்கோலைக் கூழாக்கித்தான் காகிதம் செய்தது. என் அப்பா அங்கே வேலை செய்தவர். வைக்கோலைக் காரத்தில் வேகவைத்தால் நார் கழன்று வரும் என்று அவர் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆலையில் பாவித்த கடும் காரத்தை வீட்டில் தொடவே வேண்டாம், கண்ணும் கையும் போய்விடும். ஆனால் விறகுச் சாம்பலை நீரில் கரைத்துத் தெளிய விட்டால் மேலே நிற்கும் நீரும் மெல்லிய காரம்தான். துண்டு துண்டாக வெட்டிய வைக்கோலை அந்த நீரில் சில நாள் ஊறப்போட்டு, மறுகா குவியலில் போட்டால் தனியாகப் போடுவதைவிடச் சுருக்காக உக்குகிறது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சாம்பல் நீரும் தோலை அரிக்கும்.

கடதாசி கிடைக்காதவர்களுக்கு இது பெரிய உதவி. பதமாக உக்கிய வைக்கோல் இருந்தால் கடதாசிக் கூழ் பாதி போதும்.

களுதாவளைத் தோட்டம்:

தம்பிமார் கோபிக்க வேண்டாம், எனக்கு இந்த வேலையில் உடன்பாடில்லை. களுதாவளையில் எங்கள் மண் வெறும் மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் இராது. கத்தரியோ மிளகாயோ வெற்றிலையோ, எதை நட்டாலும் அந்த மணலில் உயிர்ப்பைக் கொண்டுவருவது கூட்டெரு ஒன்றுதான். 2021இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியபோது ஒரு சாக்குக் கூட்டெருவுக்கு நாங்கள் எங்கெல்லாம் அலைந்தோம் என்பதை மறக்கமுடியாது. சருகையும் குசினிக் கழிவையும் சாணியையும் சேர்த்து உக்க வைத்துவிட்டு, அதை எடுத்து எரிப்பதா? மண்ணுக்குப் போக வேண்டிய தழைச்சத்து புகையாகப் போகிறது. விறகுக்கு வேறு வழி தேடலாம். மணலுக்கு வேறு வழி கிடையாது.

ஆரையம்பதி தச்சன்:

அண்ணன் சொல்வதில் பெரும்பகுதி எனக்கும் சரி. நான் குசினிக் கழிவு எதையும் கட்டியில் சேர்ப்பதில்லை. மரக்கறித் தோல், சோறு, மீன் கழிவு எல்லாம் தழைச்சத்து நிறைந்தவை. அவை குவியலில் போனால் அழுகி நாறும், பூச்சி வரும், காய்வதற்கும் நாளாகும். அவை தோட்டத்துக்கே. பச்சை இலையும் அப்படித்தான், முருங்கை, கிளிசரிடியா போன்றவற்றை எரிப்பது வீண்.

மரத்தூள் கதை வேறு. அதில் கரியம் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. கூட்டெருவுக்கு ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25, 30 பங்கு கரியம் என்ற விகிதம் நல்லது. மரத்தூளில் கரியம் அதைப்போலப் பல மடங்கு. அதை அப்படியே மணலில் போட்டால் உக்குவதற்காக மண்ணில் உள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளிக்கும். காட்போட்டும் அதே வகை. இந்த இரண்டும் இப்போது எங்கே போகின்றன? ஒன்றில் பட்டறைக்குப் பின்னால் குவித்துக் கொளுத்துகிறார்கள், அல்லது குப்பை வண்டியில் போய் மேட்டில் சேர்கின்றன. அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்ததைப் படம்படமாகப் பார்த்தோம். உக்கக்கூடியதை வீட்டிலேயே பிரித்து எடுத்தால் மேட்டுக்குப் போவது பாதியாகக் குறையும், மிச்சமும் நாறாது.

சருகில் மட்டும் உங்களுக்கும் எனக்கும் பங்குச் சண்டை உண்டு. பலாச் சருகு உங்களுக்கு, தேக்குச் சருகு எனக்கு என்று வைத்துக்கொள்வோமா? தேக்கிலை தோட்டத்தில் உக்க மிகவும் தாமதம்.

களுதாவளைத் தோட்டம்:

குசினிக் கழிவைத் தொடுவதில்லை என்றால் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இதை வாசித்துவிட்டு எல்லாக் குப்பையையும் போட்டுக் கட்டி அடிப்பவர்கள் இருப்பார்கள். முதல் பதிவிலேயே அதை எழுதியிருக்க வேண்டும்.

மருதமுனை நெசவு:

எங்களிடம் நூல் கழிவு இருக்கிறது. அறுந்த நூல், பாவு முடிந்த நுனிகள். ஒட்டுவதற்கு நல்லதுதானே?

ஆரையம்பதி தச்சன்:

சுத்தப் பருத்தி என்றால் மிக நல்லது, சிறிதாக வெட்டிக் கலந்தால் நார் வேலையைச் செய்யும். பொலியெஸ்டர் கலந்த நூல் கூடாது. ஒரு நூலை நெருப்பில் காட்டிப் பாருங்கள்: பருத்தி கடதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாகும், பொலியெஸ்டர் சுருண்டு உருகிக் கறுத்த மணியாகும். கடும் சாயம் போட்டதையும் தவிர்த்துவிடுங்கள்.

நூலைப் பற்றிக் கேட்டதால் பட்டறைக் கழிவு முழுவதையும் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இந்த இழையில் மிக முக்கியமான இடம் இதுதான். பிளைவுட், எம்.டி.எப். பலகை அறுத்த தூளைக் கட்டியில் சேர்க்கவே கூடாது. அவற்றை ஒட்டியிருப்பது போமல்டிகைட் என்ற நச்சு சேர்ந்த பசை. பார்வைக்கு நல்ல மென்மையான தூள், அமுக்கினால் அழகாக நிற்கும், அதனாலேயே பலர் போடுகிறார்கள். வர்ணம் அடித்த பழைய கதவு, யன்னல் சீவலும் வேண்டாம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். கறையான் பிடிக்காமல் மருந்தேற்றிய மரம் இன்னும் மோசம், சிலவகை மருந்தில் ஆசனிக் உண்டு. எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் நிற்கும், அந்தச் சாம்பலைத் தோட்டத்தில் போட்டால் கீரைக்குள்ளும் போகும். எந்த மரம் என்று தெரியாத தூளை எடுக்காதீர்கள்.

எங்கள் பட்டறையில் இரண்டு சாக்கு கட்டி வைத்திருக்கிறோம். ஒன்றில் வேம்பு, தேக்கு, முதிரை போன்ற வெறும் மரத்தூள் மட்டும் விழும். மற்றது குப்பை வண்டிக்கு. மரக்காலையில் வாங்குகிறவர்கள் அங்கே நின்று என்ன அறுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அள்ளுங்கள். மெல்லிய தூளை அள்ளும்போது மூக்கை மூடிக்கொள்ள வேண்டும், மரத்தூளே சுவாசப்பைக்கு ஆகாது.

கராஜில் எண்ணெய் துடைத்த துணி, லன்ச் சீட், பால்மா பைக்கற், மினுக்கும் வாரப்பத்திரிகைத் தாள் எதுவும் வேண்டாம். மினுக்குத் தாளில் களிமண் பூச்சு இருக்கிறது, வெறும் சாம்பல்தான் கூடும்.

கல்லடி அக்கா:

எல்லாரும் செய்வதைப் பற்றியே பேசுகிறீர்கள், சமைக்கிறவளுக்கு என்ன கிடைக்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அரைகுறையாகக் காய்ந்த கட்டியை வைத்து மூன்று கல் அடுப்பில் எரிக்கிறார்கள். குசினி முழுக்கப் புகை. சின்னப் பிள்ளை அங்கேயே தவழ்கிறது. விறகுப் புகை பிள்ளைகளுக்குச் சளிச்சுரத்தை, நிமோனியா வரை, கொண்டு வரும் என்று கிளினிக்கில் தாய்மாருக்குச் சொல்கிறார்கள்தானே. காஸை விட்டுவிட்டு இதற்கு ஏன் வர வேண்டும்?

என் வீட்டில் அனகி அடுப்பு, இரண்டு பானை வைக்கும் களிமண் அடுப்பு. அதில் கட்டி நன்றாக எரிகிறது என்பதை நானே பார்த்துவிட்டேன். முதலில் சிரட்டைத் துண்டு இரண்டு வைத்துப் பற்ற வைத்து, தீ ஏறியதும் கட்டியைத் துளை மேலே பார்க்க நிமிர்த்தி வைக்க வேண்டும். படுக்க வைத்தால் புகையும். பருப்பு அவிக்க, சோறு வடிக்க, சுடுநீர் வைக்க ஏற்றது. மீன் பொரிக்க ஏற்றதல்ல, தீயைக் கூட்டிக் குறைக்க முடியாது. கட்டி சுவாலை அடங்கித் தணலான பிறகும் கனநேரம் சூடு கொடுக்கும், அந்த நேரத்தில் பால் காய்ச்சலாம். தணல் இருக்கும்போது யன்னலைப் பூட்ட வேண்டாம். புகை இல்லை என்பதால் நஞ்சு இல்லை என்று நினைப்பது ஆபத்து. தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை.

அக்கரைப்பற்று விஞ்ஞான ஆசிரியர்:

அக்கா கேட்ட கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டேன். காஸ் ஒரு கிலோவில் ஏறத்தாழ 46 மெகாயூல் சூடு. 12.5 கிலோ சிலிண்டரில் 575. காஸ் அடுப்பில் அதில் பாதிக்குச் சற்று மேல் பானைக்குப் போகும், 300 என்று வையுங்கள். நன்றாகக் காய்ந்த எரிகட்டியில் கிலோவுக்கு 15 மெகாயூல் வரை இருக்கும், உமி கூடினால் குறையும். நல்ல அடுப்பில் ஐந்தில் ஒரு பங்கு பானைக்கு வருகிறது என்றால் கிலோவுக்கு 3. ஆகவே ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு 100 கிலோ எரிகட்டி தேவை. ஒரு கட்டி 150 கிராம் என்றால் அறுநூற்றுச் சொச்சம் கட்டிகள். மூன்று கல் அடுப்பு என்றால் அது ஏறக்குறைய இருமடங்கு.

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் காஸ் செலவே இல்லாமல் போகும் என்று நம்பித் தொடங்கவும் வேண்டாம். தினம் ஒரு பானை சோற்றையும் சுடுநீரையும் எரிகட்டிக்கு மாற்றினால் சிலிண்டர் கூடுதலான நாள் நிற்கும். அந்த அளவில்தான் இந்த வேலைக்கு அர்த்தம் இருக்கிறது. விற்று உழைக்கலாம் என்று நினைப்பவர்கள் கூலியைக் கணக்கில் எடுத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

ஈரமும் கணக்கில் வர வேண்டும். ஒரு கிலோ கட்டியில் கால் கிலோ ஈரம் இருந்தால் எரியும் சாமான் முக்கால் கிலோதான். அதன் சூட்டிலும் ஒரு பகுதி அந்த நீரை ஆவியாக்கப் போய்விடும். காயாத கட்டி புகைவதற்குக் காரணம் அதுவே.

சம்மாந்துறை மில் பக்கம்:

அப்ப காய வைப்பதுதான் பாதி வேலை. மாரியில் என்ன செய்கிறீர்கள்?

ஆரையம்பதி தச்சன்:

மாரியில் அடிப்பதே இல்லை. கார்த்திகை, மார்கழியில் இங்கே வெயிலை நம்ப முடியாது. கச்சான் காற்று வீசும் வைகாசியிலிருந்து ஆவணி வரை வருடத்துக்கு வேண்டியதை அடித்துவிட வேண்டும். அந்தக் காற்றில் கட்டி சில நாட்களிலேயே உள்ளேவரை காய்ந்துவிடும். இரண்டாக உடைத்துப் பார்த்து, நடுப்பகுதி வெளிப்பகுதியைவிடக் கறுப்பாகவோ குளிர்ச்சியாகவோ இருந்தால் இன்னும் வெயில் காட்டுங்கள்.

தரையில் அடுக்கினால் கறையான் வந்துவிடும். பலகை அடித்து உயரத்தில், சுவரில் முட்டாமல் அடுக்கி, பலகைக் கால்களைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள். உரப் பையில் கட்டி இறுக மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். காற்றுப்போகும் வெங்காயச் சாக்கு நல்லது. பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரண் இருந்தால் அதைவிட நல்ல இடமில்லை.

அக்கரைப்பற்று விஞ்ஞான ஆசிரியர்:

கடதாசி ஊறப்போடும் பரலை மூடி வையுங்கள். இதைச் சொல்லாமல் விட முடியாது. மழைக்காலத்தில் திறந்த பரல் ஒன்று போதும், தெரு முழுக்க டெங்கு. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் தண்டமும் அடிப்பார், அது நியாயமும்கூட.

வாழைச்சேனை:

ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) சேர்க்கலாமா? இங்கே குளங்களில் நிறைந்து கிடக்கிறது.

ஆரையம்பதி தச்சன்:

சேர்க்கலாம், நார் நன்றாகப் பின்னும். ஆனால் பச்சையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு வண்டி அள்ளினால் ஒரு சாக்கு மிஞ்சும். சுமப்பதற்கு ஆளிருந்தால் செய்யுங்கள், நான் அதைத் தேடிப் போகமாட்டேன். கச்சான் (நிலக்கடலை) கோது அதைவிட நல்லது. மரமுந்திரிகைக் கோது மட்டும் வேண்டாம், அதன் எண்ணெய் கையையும் சுடும், புகை கண்ணையும் எரிக்கும்.

சம்மாந்துறை மில் பக்கம்:

நானா, நீங்கள் சொன்ன அளவில் அடித்துப் பார்த்தோம். உமி மூன்றில் ஒன்று, சாம்பல் நீரில் ஊறி உக்கிய வைக்கோல் பாதி, மிச்சம் காட்போட் கூழ். பிடியை ஆட்டினாலும் விழவில்லை, காய்ந்த பிறகு இடுப்பு உயரத்திலிருந்து போட்டும் உடையவில்லை. உம்மா அதில் சோறு ஆக்கினா. சாம்பல்தான் நிறைய, இரண்டு நாளுக்கு ஒருமுறை அடுப்பை வழிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சாம்பலை என்ன செய்வது?

களுதாவளைத் தோட்டம்:

தம்பி, அதை வீசாதீர்கள். வர்ணமோ பிளைவுட்டோ சேராத சாம்பல் என்றால் பயிருக்குப் பொட்டாசியம் கிடைக்கும். காரத்தன்மை உண்டு, அதனால் ஒரே இடத்தில் கொட்டாமல் மெல்லியதாகத் தூவ வேண்டும், யூரியாவோடு சேர்த்துப் போடக்கூடாது. சேர்த்து வையுங்கள். அடுத்த முறை கல்முனைக்கு வரும்போது நான் சாக்கோடு வருகிறேன், பதிலுக்கு உங்கள் உம்மாவுக்குக் கத்தரிக்காய் கொண்டு வருவேன்.